ஒரு தலைவருக்கு இரண்டு துணைத் தலைவர்கள்

ஆக்லாந்துக்கு நான் போனது சமைக்கத்தான். தம்பி மனைவி வித்யா அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டு வாசல்படியில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாதாம். "மதினி, உங்க தம்பி வைக்கிற ரசத்தக் குடிச்சா இன்னொரு காலும் ஒடஞ்சிரும். கொஞ்சம் வாங்களேன்" என்று போனில் அழாத குறையாகக் கூப்பிட்டாள். எனக்குப் பாளையங்கோட்டையில் வீட்டுக்காரரோடு டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடுவதைத் தவிர வேறு சோலி இல்லை. கிளம்பிவிட்டேன். போன இடத்தில் துணைத் தலைவர் தேடுகிற வேலை தலையில் விழும் என்று யார் கண்டார்கள்?

விமான நிலையத்தில் சாப்பாட்டுச் சாமான் இருந்தால் சொல்லிவிட வேண்டும், மறைத்தால் அபராதம் என்று தம்பி குமார் பத்துத் தடவை எச்சரித்திருந்தான். நான் பெட்டியைத் திறந்து சுண்டவத்தல், மோர் மிளகாய், கருப்பட்டி, பருப்புப்பொடி என்று கடை பரப்பிவிட்டேன். அதிகாரிப் பெண் மோர் மிளகாயைக் கையில் எடுத்து, "இது செத்துப்போனதா, உயிரோடு இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். விதை முளைக்குமா என்று கேட்கிறாளாம். "அம்மா, அது மூணு நாள் மோரில் முங்கி, ஒரு வாரம் சித்திரை வெயிலில் கிடந்தது. இனிமேல் எங்கே முளைக்க?" என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். கறிவேப்பிலையை மட்டும் எடுத்துக் குப்பையில் போட்டாள். எடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டாள், நேர்மையாகச் சொன்னதற்கு நன்றியும் சொன்னாள். பறிகொடுத்த எனக்கே கோபம் வரவில்லை.

தம்பி வீடு ஆக்லாந்தின் தெற்கே பாபடோயிட்டோயில். விமான நிலையத்திலிருந்து கார் ஏறி உட்கார்ந்து பெல்ட் போடுவதற்குள் வந்துவிடுகிறது. இட்லி அரிசி, முருங்கைக்காய், பூஜைக்குச் சூடம் என்று எல்லாம் தெருமுனையில் கிடைக்கிறது. கறிவேப்பிலையும்தான் கிடைக்கிறது, விலையைக் கேட்டால்தான் நெஞ்சு அடைக்கிறது. ஜூலை மாதம் அங்கே குளிர்காலம். காலையில் வெயில், பத்து மணிக்கு மழை, பதினொன்றுக்கு வெயில், துணியைக் காயப்போட்டுவிட்டுத் திரும்பினால் மறுபடி மழை. குற்றாலச் சாரலுக்காவது ஒரு மரியாதை உண்டு, சொல்லிக்கொண்டு வரும்.

வந்த மறுநாள் சனிக்கிழமை. மத்தியானத்திலிருந்து குமார் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தான். "யாருல வரணும்?" என்றேன். "யாரும் இல்லக்கா" என்றான். வித்யா கால் கட்டை நாற்காலி மேல் நீட்டிக்கொண்டு கண்ணைக் காட்டினாள். அப்புறம் அடுக்களையில் விஷயத்தைச் சொன்னாள். யோகன் என்று யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், ஊரின் மேற்கே ரானுயியில் இருக்கிறார், எலக்ட்ரீசியன். குமார் பதினைந்து வருஷத்துக்கு முன் இந்த ஊரில் வந்து இறங்கியபோது வீடு பார்த்துக் கொடுத்து, கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து, வேலைக்குச் சேரும் நாளில் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தவர். சனிக்கிழமை தவறினாலும் அவர் வருவது தவறாது. மீனோ இறாலோ வாங்கி வருவாராம், இருவரும் சீட்டாடுவார்களாம். இரண்டு வாரமாக அவர் வரவில்லை. போன் செய்தால் வேலை என்கிறாராம்.

"சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல மதினி. எலெக்சன்."

ஞாயிற்றுக்கிழமை காலை காபிக்குப் பால் எடுக்கப் போனபோது எலெக்சனைப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒரு தாள் ஒட்டியிருந்தது, குமாரின் கையெழுத்தில். தலைப்பு: துணைத் தலைவர். கீழே: இலங்கைக்காரராக இருக்க வேண்டும். ஓட்டு கொண்டுவர வேண்டும். மேடையில் என்னைவிட நன்றாகப் பேசக் கூடாது. ரொம்ப மோசமாகவும் பேசக் கூடாது. தெற்கு ஆக்லாந்து ஆகாது, நானே தெற்கு. அடுத்த தடவை தலைவராகும் ஆசை இருக்கக் கூடாது. அதற்கும் கீழே வித்யா சிவப்பு மையில் ஒன்று சேர்த்திருந்தாள்: கேட்டால் சம்மதிக்க வேண்டும்.

"எனக்கு மாப்பிள்ளை பாக்கையில எங்கப்பாகூட இவ்வளவு பாக்கல மதினி. பாத்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்றாள்.

சங்கதி இதுதான். அங்கே ஒரு தமிழ்ச் சங்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தியாக்காரர்களுக்கு ஒன்று, இலங்கைக்காரர்களுக்கு ஒன்று என்று இரண்டாக இருந்து, ஒரே நாளில் இரண்டு பொங்கல் வைத்து, இரண்டிலும் பாதி மண்டபம் காலியாகக் கிடந்ததைப் பார்த்து ஒன்றாகச் சேர்ந்ததாம். சேரும்போது ஒரு சட்டம் போட்டார்கள். தலைவரும் துணைத் தலைவரும் ஜோடியாகத்தான் நிற்க வேண்டும், ஒரே படிவத்தில். ஒருவர் இந்தியா, ஒருவர் இலங்கை. யார் மேலே, யார் கீழே என்பது அவரவர் இஷ்டம். தனியாக நின்றால் செல்லாது. மலேசியாக்காரர்கள் பாடு யோகம், ஓட்டுக்காக ரெண்டு பக்கமும் அவர்களுக்குப் பாயசம் ஊற்றும்.

குமார் ஒன்பது வருஷமாகச் சங்கத்தில் செயலாளர். மைக் வாடகைக்கு எடுப்பது, மண்டபம் பிடிப்பது, கூட்டத்தில் யார் யாரைத் திட்டினார் என்று நாசூக்காகக் குறிப்பு எழுதுவது எல்லாம் அவன். இந்தத் தடவை தலைவருக்கு நிற்க வேண்டும் என்று ஆசை. எதிரில் நிற்பது பாலாஜி என்று ஒரு சென்னைக்காரர், வீடு விற்றுக் கொடுக்கிற தொழில், கை குலுக்கினால் விட மாட்டார். அவருக்கு ஏற்கெனவே ஜோடி இருந்தது. குமாருக்கு இல்லை. அடுத்த ஞாயிறு நாலு மணிக்குள் படிவம் கொடுக்க வேண்டும்.

எனக்கு அவன் ஜெயிக்க வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது. காரணம் இருக்கிறது. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் உதவித் தலைமையாசிரியை. ஐந்து தலைமையாசிரியைகள் வந்தார்கள், போனார்கள். கல்வி அதிகாரி பாராட்ட வந்தால் அவர்கள் முன்னால் நிற்பார்கள். குடிதண்ணீர்த் தொட்டியில் தவளை செத்துக் கிடந்தால் என்னை முன்னால் தள்ளுவார்கள். அந்த முதல் நாற்காலி எனக்கு வரவே இல்லை. வராதது வலித்தது, வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். எங்கள் வீட்டில் ஒருத்தனாவது அதில் உட்காரட்டும் என்று இருந்தது.

துணையாக இருப்பவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று என்னைக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். அன்று மத்தியானச் சாப்பாட்டில் பேசவும் செய்தேன். ஓட்டு, பேச்சு எல்லாம் அப்புறம், தலைவர் முட்டாள்தனம் பண்ணும்போது கையைப் பிடித்து இழுக்கத் தெரிய வேண்டும், இழுத்தது வெளியே தெரியவும் கூடாது என்றேன். குமாரின் மகள் நிலாவுக்குப் பதினாலு வயது. தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். "எங்க ஸ்கூல்ல பிரின்ஸிபல் கேக் வெட்டுவாங்க அத்தை. டெபுடியப் பாத்துத்தான் எல்லாரும் பயப்படுவாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு அந்தப் பிள்ளையை ரொம்பப் பிடித்துப்போனது.

"முதல்ல யாரக் கேட்ட?" என்றேன் குமாரிடம்.

"யோகன் அண்ணாச்சியத்தான். மாட்டேன்னுட்டாரு" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். முகம் சரியில்லை. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அங்கேயே கேட்டிருந்தால் இவ்வளவு கூத்து நடந்திருக்காது. ஆனால் பொறுக்க மாட்டாமல், "அடுத்த ஆளப் பாக்கப் போகையில நானும் வாரேன்" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

அடுத்த ஆள் பாபகூராவில் திலகா. அதுவும் தெற்குதான், ஆனால் அவருக்காக அந்த விதியைத் தளர்த்திக்கொண்டான். மருந்துக்கடை வைத்திருக்கிறவர். அந்தப் பக்கத்துத் தமிழர்களில் யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, யாருக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் ஓட்டுக் கேட்டால் எவன் மாட்டேன் என்பான்? திங்கள்கிழமை அவருக்குக் கடை விடுமுறை. குமாரும் லீவு போட்டான். காரில் போகலாம் என்றால், வாரன்ட் முடிந்துவிட்டது என்றான். "எந்தக் கேசுல மாட்டினல?" என்றேன். போலீஸ் இல்லையாம், கார் ஓட லாயக்கு என்று கொடுக்கிற சான்றிதழாம். டயரை மாற்றும் வரை ஓட்டக் கூடாது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை, யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். "அப்படியெல்லாம் இங்க இல்லக்கா" என்றான்.

ரயிலுக்குப் போனோம். தண்டவாள வேலை நடப்பதால் ரயில் ஓடாது, ரயிலுக்குப் பதில் பேருந்து என்று ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவர் சொன்னார். அந்தப் பேருந்து ஒவ்வொரு ரயில் நிலையத்துக்கும் விசுவாசமாக உள்ளே போய், யாரும் ஏறாத இடத்திலும் நின்று, திரும்பி வந்தது. இறங்குகிற அத்தனை பேரும் டிரைவருக்கு நன்றி சொன்னார்கள். நானும் சொன்னேன். எங்கள் ஊரில் ஓடுகிற பஸ்ஸிலிருந்து முழு உடம்போடு இறங்கினால் சாமிக்குத்தான் நன்றி சொல்வோம். டிரைவர் திரும்பிப் பார்த்து, "உங்கள் சேலை அழகாக இருக்கிறது, கால் தடுக்காமல் பார்த்து இறங்குங்கள்" என்றார். ஒரு வாரத்துக்கு அதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

திலகா வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்கோ, வாங்கோ. அக்கா ஊரிலயிருந்து வந்திருக்கிறா எண்டு கேள்விப்பட்டனான். உள்ளுக்கு வாங்கோ, குளிருது." மேஜையைப் பார்த்ததும் அசந்துபோனேன். ரோல்ஸ், கட்லெட், உளுந்து வடை, வட்டிலப்பம், தேத்தண்ணி. திங்கள்கிழமை காலை பதினொரு மணிக்கு! பட்டுக்கரை போட்ட சேலை, கழுத்தில் பதக்கச் சங்கிலி. கணவர் கம்பளிச் சட்டைக்கு மேல் தலை சீவி உட்கார்ந்திருந்தார். விஷயம் அவர்கள் காதுக்கு முன்பே வந்துவிட்டது என்று எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

மூன்றாவது ரோலில் குமார் கேட்டான். "அக்கா, எலெக்சன்ல என்கூட துணைத் தலைவரா நிக்கணும்."

"ஐயோ தம்பி, நானோ? எனக்கேன் உந்தப் பொறுப்பெல்லாம். நல்லாக் கதைக்கத் தெரிஞ்ச ஆக்கள் எத்தினை பேர் இருக்கினம். வேற ஆரையும் பாருங்கோ."

"அப்படியாக்கா? பரவால்ல, நோ வொரீஸ்" என்றான் என் தம்பி. சொல்லிவிட்டு வட்டிலப்பத்தை எடுத்துக்கொண்டான்.

திலகாவின் முகத்தைப் பார்த்தேன். ஒரு சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. கணவர் தேத்தண்ணியைப் பார்த்தார், தேத்தண்ணி அவரைப் பார்த்தது. அப்புறம் எல்லாரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

திரும்புகிற பேருந்தில் உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏல குமாரு, என்னலே பண்ணிட்டு வந்திருக்க?"

"என்னக்கா? வேண்டாம்னுட்டாங்க, விட்டுட்டேன்."

"ஒரு தரம் கேட்டா எவ சரிம்பா? நெக்லஸ் எல்லாம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா, நீ வட்டிலப்பம் தின்னுட்டு வந்துட்ட. நம்மாளுங்க மொத தரம் வேண்டாம்பாங்க, அது மரியாதை. ரெண்டாம் தரம் எனக்குத் தகுதி இல்லம்பாங்க, அது அடக்கம். மூணாம் தரம்லாலே சரிம்பாங்க!"

குமார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பிறகு சொன்னான். இந்த ஊர் வந்த புதிதில் ஆபீசில் முதல் நாள் யாருக்கோ பிறந்தநாள். கேக் தட்டை நீட்டினார்கள். பசி உயிர் போகிறது. மரியாதைக்கு வேண்டாம் என்றான். தட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டது, திரும்பி வரவே இல்லை. அப்படியே ஒரு மாசத்தில் மூன்று கேக், ஒரு கோழி, ஒரு தடவை வீட்டுக்குக் காரில் கொண்டுவிடுகிறேன் என்றது எல்லாம் போயிற்று. மழையில் நனைந்துகொண்டு நடந்தானாம். "அன்னைக்கே படிச்சுக்கிட்டேன்க்கா. இங்க வேண்டாம்னா வேண்டாம்தான். மறுபடி கேட்டா தொந்தரவு பண்ணுதோம்னு அர்த்தம்."

"அது அவங்ககிட்ட. நம்மகிட்டயுமா?" என்றேன். திடீரென்று ஒன்று உறைத்தது. "ஏலே, யோகன எத்தன தரம் கேட்ட?"

குமார் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் வாய் திறந்தபடி இருந்தது.

"ஒரு தரம்" என்றான்.

பதினைந்து வருஷச் சிநேகிதம். கேட்டது ஒரே ஒரு தரம். அதுவும் சீட்டாட்டத்துக்கு நடுவில், சீட்டைக் கலைத்துக்கொண்டே கேட்டானாம். 'நானோ? சும்மா இரும் ஐசே, வேற ஆரையும் பாரும்' என்றாராம். இவனும் 'சரி அண்ணாச்சி' என்று சீட்டைப் போட்டானாம். அந்த மனுஷன் வீட்டுக்குப் போய் என்ன நினைத்திருப்பார்? என் தம்பியின் கண் கலங்கியிருந்தது. இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்லக்கூட மறந்துவிட்டான்.

இதுவரை நடந்தது அவன் தப்பு. இதற்கு மேல் நடந்தது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அவன் வேலைக்குப் போனதும் திலகாவுக்கு நானே போன் செய்தேன். ரோல்ஸ் மாவுக்குப் பக்குவம் கேட்கிற சாக்கில் ஆரம்பித்து, முட்டை, ரஸ்க் தூள் எல்லாம் கடந்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தேன். "என் தம்பி கூச்சக்காரன், மறுபடி கேக்கத் தயங்குதான். நீங்கதான் நிக்கணும்." "ஐயோ அக்கா, எனக்கு அவ்வளவு தகுதி எங்க கிடக்கு?" ஆகா, இரண்டாம் தரம் வந்துவிட்டது என்று மனசுக்குள் குதித்தேன். "நீங்க இல்லன்னா இந்த ஊர்ல வேற யாரு இருக்கா? ஒரே சொல்லு, சரின்னு சொல்லுங்க." ஒரு பெருமூச்சு கேட்டது. "நீங்கள் இவ்வளவு தூரம் கேக்கிறியள். ஓம், நிக்கிறன்." போனை வைத்துவிட்டுக் கேசரி கிண்டினேன், முந்திரிப் பருப்பு ஒரு கை கூடப் போட்டு.

அன்று சாயங்காலம் குமார் வர நேரமாயிற்று. வந்தவனுக்கு வாயெல்லாம் பல். டயர் மாற்றிச் சான்றிதழ் வாங்கிய கையோடு நேரே ரானுயிக்கு ஓட்டிப் போயிருக்கிறான். யோகன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து, ஒரு தரம், இரண்டு தரம், மூன்றாம் தரம் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறான். அவர் மனைவி மாலினி அடுக்களையிலிருந்து, "இனியும் வேண்டாம் எண்டால் நான் நிப்பன்" என்று சத்தம் போட்டாராம். யோகன் சரி என்றுவிட்டார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்களாம்.

"அக்கா, எல்லாம் ஒன்னாலதான்" என்றான். நான் கேசரிக் கரண்டியோடு நின்றேன்.

வித்யாதான் முதலில் கண்டுபிடித்தாள். "மதினி, கேசரி எதுக்கு?" என்றாள். சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலி மேல் வைத்திருந்த கால் கீழே விழுந்து, வலியில் கத்தி, கத்திக்கொண்டே சிரித்தாள். நிலா ஃபிரிட்ஜ் தாளில் 'துணைத் தலைவர்' என்பதற்குப் பின்னால் 'கள்' என்று எழுதினாள். பிள்ளைக்குத் தமிழ் எழுத வரும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

புதன்கிழமை திலகாவிடம் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். நான் வாய் திறப்பதற்குள், வெலிங்டனில் இருக்கிற மகளுக்குச் சொல்லிவிட்டாராம், அவள் அம்மாவுக்கு மேடைப் பேச்சு எழுதி அனுப்பிவிட்டாளாம், வாசித்துக் காட்டட்டுமா என்றார். முழுதும் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. குமார் வியாழக்கிழமை யோகனுக்குப் போன் செய்தான். அவர் புது ஷூ, அவர் பாஷையில் சப்பாத்து, வாங்கக் கடையில் நிற்கிறாராம். யோகனை விட்டால் சிநேகிதம் போச்சு, இந்த முறை போனால் திரும்பி வராது. திலகாவை விட்டால் பாபகூரா போச்சு, என் வார்த்தையும் போச்சு. வெள்ளி, சனி இரண்டு நாளும் நாங்கள் சமையலைப் பற்றி மட்டும்தான் பேசினோம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கிளம்பினால் கார் உறுமக்கூட இல்லை. பேட்டரி செத்துவிட்டது. பக்கத்து வீட்டு டோங்காக்காரர் சியோனே, மாதா கோயிலுக்குப் போன பாவாடை வேட்டியோடு ஓடி வந்து, தன் காரிலிருந்து வயர் மாட்டிக் கொடுத்தார். ஆள் கதவகலம். எங்கே இவ்வளவு அவசரம் என்றார். குமார் சுருக்கமாகச் சொன்னான். அவர் யோசித்துவிட்டு, "இரண்டு துணைத் தலைவரா? நல்லதுதானே. எங்கள் சபையில் ஏழு பேர். ஒருத்தர் தூங்கினால் இன்னொருத்தர் ஜெபிப்பார்" என்றார். வித்யாவும் நிலாவும் பின் சீட்டில் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மண்டபத்தில் நுழையும்போது மூன்று முப்பத்தைந்து. மேஜைக்குப் பின்னால் தேர்தல் அதிகாரி சிவபாதம் மாஸ்டர், ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார், எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு. இடது பக்கம் யோகன், புதுச் சப்பாத்து, மாலினி. வலது பக்கம் திலகா, பட்டுச் சேலை, கணவர். இருவரும் குமாரைப் பார்த்து ஒரே நேரத்தில் எழுந்தார்கள். இருவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். என் தம்பி திருதிருவென்று விழித்தான்.

நான் முன்னால் போனேன். தவளை செத்த காலத்திலிருந்து பழகின வேலைதான். "அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அவன் யோகன் தம்பியத்தான் கேட்டான். திலகாம்மாவ நான்தான் அவனுக்குச் சொல்லாமக் கேட்டேன். தப்பு என் மேலதான்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

திலகா வெடிப்பார் என்று நினைத்தேன். யோகன் கோபித்துக்கொண்டு போவார் என்று நினைத்தேன். நடந்தது அதைவிட மோசம். இரண்டு பேரும் மரியாதையில் இறங்கிவிட்டார்கள்.

"அப்பிடியெண்டால் திலகா அக்காவே நிக்கட்டும். நான் விலகிறன்" என்றார் யோகன்.

"சீச்சீ, தம்பிதான் நிக்கோணும். அவர்தானே குமாரின்ர கூட்டாளி."

"இல்லையக்கா, பாபகூரா ஆக்கள் உங்களுக்குத்தான் போடுவினம்."

"எனக்கென்னத்துக்கு? எனக்குக் கடை கிடக்கு."

மூன்று நாற்பத்தைந்து. குமார் யோகனை மூன்று தரம் கேட்டான். திலகாவை மூன்று தரம் கேட்டான். நான் சொல்லிக்கொடுத்த கணக்குப்படி மூன்றாம் தரம் சரி என்றாக வேண்டும். இருவரும் நாலாம் தரம், ஐந்தாம் தரம் என்று போய்க்கொண்டே இருந்தார்கள். எது மரியாதை, எது அடக்கம், எது நிஜமாகவே வேண்டாம் என்று எனக்கே பிடிபடவில்லை. மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, "பத்து நிமிசம் கிடக்கு" என்றார்.

அப்போதுதான் கதவுப் பக்கம் நின்றிருந்த எதிரணிப் பாலாஜியைக் கவனித்தேன். கையில் படிவம், முகத்தில் பேய் அறைந்த களை. அவருடைய ஜோடிக்கு பிரிஸ்பேனில் வேலை கிடைத்து, வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு விமானம் ஏறிவிட்டாராம். அந்த ஊரில் யாரை எதற்கு நம்பினாலும் ஆஸ்திரேலியா கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. மனுஷன் இவ்வளவு நேரம் எங்கள் கூத்தை ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நேரே திலகாவிடம் வந்தார்.

"திலகா மேடம், என் கூட நிக்கிறீங்களா?"

ஒரே தரம்தான் கேட்டார்.

"ஓம்" என்றார் திலகா. பேனாவை வாங்கிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

முந்திரி போட்ட கேசரி ஒரு நிமிஷம் கண் முன்னால் வந்து போனது. திலகா என் பக்கம் திரும்பி, "குறை நினைக்காதேங்கோ அக்கா, நாலு மணியாகுது" என்றார். அதுவும் நியாயம்தான்.

மிச்சம் இருந்தது யோகனும் குமாரும். இனிமேல் யோகனைத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும், வேறு ஆளில்லை. அதுதான் சிக்கலும். வேறு ஆளில்லாமல் போனதால் அழைக்கப்பட்டவர் என்று அத்தனை பேர் முன்னாலும் ஆகிவிட்டார் அந்த மனுஷன். அது அவருக்கும் தெரிந்தது. புதுச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாலினி, "வாங்கோ, வீட்டை போவம்" என்று மெல்லச் சொன்னார். நான் குமாரைப் பார்த்தேன். இப்போது என்ன சொன்னாலும் தப்பாகத்தான் போகும்.

குமார் மேஜையில் குனிந்து படிவத்தில் எழுதினான். எழுதிவிட்டு யோகன் பக்கம் திருப்பி வைத்தான். நான் எட்டிப் பார்த்தேன். தலைவர் என்ற இடத்தில் யோகன் பெயர் இருந்தது. துணைத் தலைவர் என்ற இடத்தில் என் தம்பி பெயர்.

யோகன் அதை வெகு நேரம் பார்த்தார். எனக்கு வெகு நேரமாகத் தெரிந்தது, கடிகாரத்தில் ஒரு நிமிஷம்தான்.

"என்ன ஐசே இது? நீர் என்னட்டக் கேக்கவே இல்லையே."

"கேட்டா வேண்டாம்பீங்க அண்ணாச்சி. போடுங்க கையெழுத்த."

"தலைவராகோணும் எண்டு ஒம்பது வருசமா ஆசைப்பட்டது நீர்."

"நீங்க இல்லாம ரெண்டு சனிக்கிழமை இருந்து பாத்துட்டேன். அது போதும்."

யோகன் பேனாவை வாங்கினார். போட்ட அவசரத்தில் கையெழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. மாஸ்டர் அதை இழுத்துப் பார்த்து, "செல்லும்" என்று முத்திரையைக் குத்தினார். நாலு மணிக்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஜெயிப்பார்களா தோற்பார்களா என்பதெல்லாம் அப்போது தோன்றவே இல்லை. இருபத்திரண்டு வருஷம் என்னைப் பிடித்து உட்கார வைத்த இரண்டாம் இடத்தில் இவன் தானாகப் போய் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்ததும் இல்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அவனைப் பார்த்தால் ஆத்திரமாகவும் வந்தது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. வெளியே மழை விட்டிருந்தது. ஊரில் வீட்டுக்காரருக்கு உடனே சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன்.

யோகன் அதைப் பார்த்துவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "துணைத் தலைவர்" என்று அழைத்தார்.

"சொல்லுங்க தலைவரே" என்றான் குமார்.

"தேர்தல் முடியும் மட்டும் உம்மட அக்காவை ஆருக்கும் போன் எடுக்க விடாதையும்."

"சரிங்க தலைவரே" என்று என் தம்பி என் கையிலிருந்த போனைப் பிடுங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.